பெயரில்லாத மன்னனும் பெயருள்ள மருத்துவச்சிகளும்

பைபிளின் இரண்டாவது நூலான யாத்திராகமத்தின் முதல் அதிகாரத்தில் ஒரு மன்னன் வருகிறான். எகிப்தை ஆள்கிறவன். களஞ்சிய நகரங்கள் கட்டுவதற்காக ஓர் இனத்தையே செங்கல் அறுக்க வைத்தவன். அவன் பெயர் என்ன? நூல் சொல்லவில்லை. பார்வோன் என்பது பட்டம்தான். அது இரண்டாம் ராம்சேஸா, வேறொருவனா என்று அறிஞர்கள் இன்றும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அவன் கட்டளையைத் தட்டிக்கழித்த இரண்டு மருத்துவச்சிகளின் பெயர் மட்டும் அதே அதிகாரத்தில் பிசகாமல் பதிவாகியிருக்கிறது: சிப்பிராள், பூவாள்.

கட்டளை எளிமையானது. எபிரெயப் பெண்களுக்குப் பேறு பார்க்கும்போது பிறப்பது ஆணாக இருந்தால் கொன்றுவிட வேண்டும், பெண்ணானால் விட்டுவிடலாம். மருத்துவச்சிகள் செய்யவில்லை. மன்னன் கூப்பிட்டுக் கேட்டபோது அவர்கள் சொன்ன சமாதானம், வேதநூல் முழுவதிலும் நகைச்சுவை நிறைந்த இடங்களுள் ஒன்று. இந்த எபிரெயப் பெண்கள் எகிப்தியப் பெண்களைப் போல இல்லை, நல்ல தெம்புக்காரிகள், நாங்கள் போய்ச் சேருவதற்குள் பெற்றுப்போட்டுவிடுகிறார்கள் என்றார்கள். பேறுகால அறையைப் பற்றி அரண்மனைக்கு என்ன தெரியும்? மன்னனால் மறுத்துப் பேச முடியவில்லை.

அந்த அறையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். மருத்துவச்சிகள் எங்கே கவனமாகப் பார்க்க வேண்டும் என்று மன்னன் சொல்கிறானோ, அந்த இடத்தைக் குறிக்கும் எபிரெயச் சொல்லுக்கு நேர்ப்பொருள் ‘இரட்டைக் கல்’. எரேமியா தீர்க்கதரிசியின் நூலில் அதே சொல் குயவனின் சக்கரத்தைக் குறிக்கிறது. பண்டை எகிப்தில் பெண்கள் படுத்துப் பெற்றெடுக்கவில்லை. இரண்டு பக்கமும் அடுக்கிய செங்கற்கள்மேல் பாதம் வைத்துக் குந்தியிருந்து பெற்றார்கள். பாடல்களிலும் மந்திரச் சுவடிகளிலும் மட்டுமே இருந்துவந்த அந்தப் பேறுகாலச் செங்கல், 2001ஆம் ஆண்டு தெற்கு அபிதோஸில் பென்சில்வேனியா பல்கலைக்கழக அகழாய்வாளர்கள் கையில் நிஜமாகவே கிடைத்தது. ஏறத்தாழ 3,700 ஆண்டு பழமையான சுடாத மண்கல். தாய் ஒருத்தி பச்சைக் குழந்தையை ஏந்தியிருக்க, இரு புறமும் பெண்கள் துணை நிற்கும் காட்சி வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கிறது. முன்னால் குனிந்து கைநீட்டி இருப்பவள்தான் மருத்துவச்சி.

சிப்பிராள் என்ற பெயரும் வெறும் கற்பனையாகத் தோன்றவில்லை. நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு பாப்பிரஸ் ஏடு, எகிப்தியப் பெரிய வீடு ஒன்றில் வேலை செய்த அடிமைகளின் பட்டியல். கி.மு. 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் ஆசியப் பெயர்கள் நாற்பதுக்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் ஒன்று சிப்பிராளை ஒத்த பெண்பெயர். அது இவளேதான் என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் அந்த மண்ணில் அப்படிப் பெயர் வைத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள் என்பது மட்டும் உறுதி.

இன்னொரு முடிச்சும் உண்டு. எபிரெய மூலத்தில் அந்தச் சொற்றொடரை ‘எபிரெய மருத்துவச்சிகள்’ என்றும் படிக்கலாம், ‘எபிரெயர்களுக்குப் பேறு பார்க்கும் மருத்துவச்சிகள்’ என்றும் படிக்கலாம். முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ், அவர்கள் எகிப்தியர்கள் என்றே எழுதுகிறார். தல்மூத் மரபோ, அவர்கள் மோசேயின் தாயும் தமக்கையும்தான் என்று சொந்தம் கொண்டாடுகிறது. ஜோசபஸ் சொல்வது சரியென்றால் கதையின் எடை கூடுகிறது. தன் இனத்துக் குழந்தையைக் காப்பாற்றுவது ஒன்று. தன் மன்னனை ஏமாற்றி அயலான் குழந்தையைக் காப்பாற்றுவது வேறொன்று.

இங்கே தமிழ் வாசகருக்கென்றே ஒரு செய்தி இருக்கிறது. தமிழ்நாட்டின் புராட்டஸ்டன்ட் சபைகளில் இன்றும் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பு, ‘ஆ’ ஓசையில் முடியும் எபிரெயப் பெண்பெயர்களுக்கு ‘ஆள்’ என்று வால் கட்டிவிடுகிறது. சாரா சாராள் ஆகிறாள். அன்னா அன்னாள் ஆகிறாள். தெபொராள், சிப்பிராள், பூவாள் எல்லாம் அப்படி வந்தவை. தமிழ்க் காதுக்கு ஆணா பெண்ணா என்ற ஐயம் எழாமல் இருக்க அந்தக் காலத்து மொழிபெயர்ப்பாளர்கள் கண்ட வழி. இந்த ஒற்றை ‘ள்’ என்ன வேலையெல்லாம் செய்கிறது என்பதைப் போகப்போகப் பார்க்கலாம்.

மருத்துவச்சிகளிடம் தோற்ற மன்னன், ஆண் குழந்தைகளை நைல் நதியில் வீசும்படி நாட்டுக்கே ஆணையிட்டான். அடுத்த அதிகாரத்தில் அதையும் மூன்று பெண்கள் கவிழ்த்துவிடுகிறார்கள். தாய் நாணற்பெட்டிக்குக் கீல் பூசிக் குழந்தையை ஆற்றோரம் விடுகிறாள். தமக்கை எட்ட நின்று பார்க்கிறாள். குளிக்க வந்த மன்னன் மகளே அதை எடுக்கிறாள். எபிரெயக் குழந்தை என்று தெரிந்தே எடுக்கிறாள். பால் கொடுக்க ஆள் கூட்டி வரட்டுமா என்று தமக்கை நைசாகக் கேட்டு, பெற்ற தாயையே கூட்டி வருகிறாள். கொல்லச் சொன்ன அரண்மனையிலிருந்தே சம்பளம் வாங்கிக்கொண்டு தாய் தன் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள்.

அந்தப் பிள்ளை வளர்ந்து மோசே ஆனான். அவன் முதுமையில், பாலைவனத்தில் ஒருநாள், ஐந்து சகோதரிகள் அவன் முன்னால் வந்து நின்றார்கள்.

எண்ணாகமம் 27ஆம் அதிகாரம். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்பது அவர்கள் பெயர். செலொப்பியாத்தின் மகள்கள். நின்ற இடத்தைக் கவனிக்க வேண்டும்: ஆசரிப்புக் கூடார வாசல். எதிரே மோசே, ஆசாரியன், தலைவர்கள், முழுச் சபை. அந்த நாளின் நாடாளுமன்றமும் உயர் நீதிமன்றமும் சேர்ந்த இடம் என்று வைத்துக்கொள்ளலாம். அவர்கள் அழவில்லை, கெஞ்சவில்லை. வழக்கறிஞரைப் போல வாதம் வைத்தார்கள். எங்கள் அப்பா கலகக்காரர்களோடு சேர்ந்து சாகவில்லை. அவருக்கு மகன் இல்லை. மகன் இல்லை என்பதற்காக அவர் பெயர் ஏன் அழிய வேண்டும்? அப்பாவின் சகோதரர்களோடு எங்களுக்கும் நிலம் கொடுங்கள்.

மோசேக்குப் பதில் தெரியவில்லை. கடவுளிடம் கேட்டான். அந்தப் பெண்கள் சொல்வது சரி என்று பதில் வந்தது. கையோடு சட்டமும் வந்தது: மகன் இல்லாதவனின் சொத்து மகளுக்குச் சேர வேண்டும். பெண்கள் கேள்வி கேட்டதால் சட்டம் திருத்தப்பட்டதாக மோசேயின் நூல்களில் வரும் ஒரே நிகழ்ச்சி இது.

கொண்டாட்டத்துக்கு முன் ஒரு தடங்கலையும் சொல்லியாக வேண்டும். அதே நூலின் கடைசி அதிகாரத்தில் உறவுக்கார ஆண்கள் வந்து, இவர்கள் வேறு கோத்திரத்தில் மணமுடித்தால் நிலம் கைமாறிவிடுமே என்று முறையிட்டார்கள். சொந்தக் கோத்திரத்துக்குள்தான் மணக்க வேண்டும் என்று கட்டு விழுந்தது. நிலம் பங்கிடும் நாள் வந்தபோது, யோசுவாவிடம் போய் ‘எங்களுக்குத் தருவதாகச் சொன்னது எங்கே’ என்று மறுபடியும் அவர்களே நினைவூட்ட வேண்டியிருந்தது. சட்டம் வந்தாலும் தாசில்தார் ஆபீசுக்கு நடந்தாக வேண்டும் என்பது அன்றைக்கும் இருந்திருக்கிறது.

தந்தையின் பெயர் அழியக் கூடாது என்று கேட்கப் போனவர்களின் பெயர்கள்தான் கடைசியில் மண்ணில் ஒட்டிக்கொண்டன. 1910இல் சமாரியாவில் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு அகழ்ந்தபோது, மை கொண்டு எழுதிய மண்பாண்டச் சில்லுகள் குவியலாகக் கிடைத்தன. கி.மு. 8ஆம் நூற்றாண்டு. எந்தப் பகுதியிலிருந்து எத்தனை சாடி திராட்சரசம், எத்தனை சாடி எண்ணெய் வந்தது என்ற அரசாங்கக் கணக்கு. அந்தப் பகுதிகளின் பெயர்களில் நோவாவும் ஒக்லாவும் இருக்கின்றன. திர்சா என்ற ஊர் வட இஸ்ரவேலுக்குச் சில காலம் தலைநகராகவே இருந்தது. ஊர்ப் பெயர்களை விளக்கக் கதை பிறந்ததா, கதையிலிருந்து ஊர்ப் பெயர் வந்ததா என்று ஆய்வாளர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். ஐந்து பெண்கள் நிலம் கேட்டு வென்ற கதையை ஒரு சமூகம் தன் சட்டநூலுக்குள்ளேயே எழுதி வைத்தது என்பதில் மாற்றம் இல்லை.

போகிற போக்கில் அந்த ‘ள்’ செய்யும் வேலையைப் பாருங்கள்: பேழை கட்டிய ஆண் நோவா, நிலம் கேட்ட பெண் நோவாள்.

வேதத்தை வாரந்தோறும் வாசித்தவர்களே அந்த ஐந்து சகோதரிகளை மறந்துபோனதற்கும் சான்று இருக்கிறது. திருவிதாங்கூரின் 1916ஆம் ஆண்டுக் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சொத்தில் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி, அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான். ஊட்டியில் தந்தைக்கு இருந்த வீட்டிலிருந்து வெளியேறச் சொல்லப்பட்ட மேரி ராய் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 1986இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. எண்ணாகமம் 27ஐ எந்தப் பாதிரியாரும் திருவிதாங்கூர்க் கிறிஸ்தவப் பெண்களுக்கு அழுத்திச் சொல்லிக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

வாதத்தால் வென்றவர்கள் இவர்கள். கையில் கிடைத்ததை எடுத்து வென்றவர்களும் உண்டு. நியாயாதிபதிகள் நூலில் அபிமெலேக்கு என்று ஒருவன். தன் சகோதரர்கள் எழுபது பேரைக் கொன்று அரசனானவன். தேபேஸ் என்ற ஊரை முற்றுகையிட்டு, மக்கள் ஒளிந்திருந்த கோபுரத்துக்குத் தீ வைக்க வாசலருகே வந்தான். மேலேயிருந்து ஒரு பெண் திருகையின் மேற்கல்லைத் தலையில் போட்டாள். மண்டை பிளந்தது. சாகும் தறுவாயில் அவனுக்கு ஒரே கவலை: ஒரு பெண் கொன்றாள் என்று ஊர் பேசக் கூடாது. பக்கத்திலிருந்த வாலிபனை அழைத்து வாளால் குத்தச் சொல்லிச் செத்தான்.

பலிக்கவில்லை. பல தலைமுறை கழித்து, தாவீதின் தளபதி யோவாப் போர்க்களத்திலிருந்து ஆள் அனுப்பும்போது, கோட்டைச் சுவரருகே போகாதே என்பதற்கு உதாரணமாகச் சொல்வது இதைத்தான்: அபிமெலேக்கைக் கொன்றது யார், ஒரு பெண் கல் போட்டல்லவா என்று. அந்தப் பெண்ணின் பெயர் மட்டும் எங்கும் இல்லை.

அதே நூலில் யாகேலுக்குப் பெயர் இருக்கிறது, கொஞ்சம் சங்கடமும் இருக்கிறது. கானானியப் படைத்தலைவன் சிசெராவிடம் 900 இரும்பு ரதங்கள். இஸ்ரவேலுக்கு நியாயம் தீர்த்துக்கொண்டிருந்தவள் தெபொராள். ராமாவுக்கும் பெத்தேலுக்கும் நடுவே ஒரு பேரீச்சை மரத்தடிதான் அவள் நீதிமன்றம். போருக்குப் போ என்று பாராக்கை அழைத்தால், நீ வந்தால்தான் போவேன் என்கிறான். வருகிறேன், ஆனால் பேர் உனக்குக் கிடைக்காது, சிசெரா ஒரு பெண் கையில் விழுவான் என்கிறாள் அவள். கீசோன் ஆற்று வெள்ளத்தில் ரதங்கள் சிக்க, சிசெரா இறங்கி ஓடி, யாகேலின் கூடாரத்துக்குள் நுழைகிறான். தண்ணீர் கேட்டவனுக்குப் பால் கொடுத்துப் போர்த்திவிடுகிறாள். அசந்து தூங்கியவனின் நெற்றிப் பொட்டில் கூடார முளையை வைத்துச் சுத்தியால் அறைகிறாள்.

முளையும் சுத்தியும் அவளுக்கு ஆயுதமாக வாய்த்தது தற்செயல் இல்லை. பாலைநிலத்து நாடோடிக் குடும்பங்களில் கூடாரம் அடிப்பதும் பிரிப்பதும் பெண்கள் வேலை. அந்த அடி அவள் கைக்குப் பழகிய அடி. விருந்தாளியைக் கொல்லலாமா என்ற கேள்வியை உரையாசிரியர்கள் இரண்டாயிரம் ஆண்டாகக் கேட்டு வருகிறார்கள். அதற்கான பதிலின் ஒரு பகுதி, அடுத்து வரும் தெபொராளின் பாட்டிலேயே மறைந்திருக்கிறது. எபிரெய வேதத்தின் மிகப் பழைய பகுதிகளுள் ஒன்று என்று பலர் கருதும் பாட்டு அது. அதன் கடைசியில் சிசெராவின் தாய் சன்னல் கம்பி வழியே பார்த்துக்கொண்டு, ரதம் ஏன் இன்னும் வரவில்லை என்று தவிக்கிறாள். அவளைச் சுற்றியிருக்கும் பெரிய வீட்டுப் பெண்கள் தேற்றுகிறார்கள்: கொள்ளையைப் பங்கு போட்டுக்கொண்டிருப்பார்கள், ஆளுக்கு ஒரு பெண்ணோ இரண்டு பெண்ணோ. பிடிபடும் பெண்களைக் குறிக்க அவர்கள் பயன்படுத்தும் எபிரெயச் சொல் ‘கருப்பை’ என்ற வேரிலிருந்து வந்த வசவுச் சொல். யாகேல் முளையை இறக்கியது அப்படிப்பட்ட படையின் தலைவன்மேல். தாயின் தவிப்பையும் அந்தப் பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த கவியை என்ன சொல்வது!

இத்தனை பேருக்குள்ளும் அதிகம் பேசப்பட வேண்டியவள், மிகக் குறைவாகப் பேசப்பட்டவள், ரிஸ்பாள். சாமுவேலின் இரண்டாம் நூல், 21ஆம் அதிகாரம். ஞாயிறு ஆராதனைகளில் இந்தப் பகுதி அரிதாகத்தான் வாசிக்கப்படும்.

சவுல் அரசனின் மறுமனையாட்டி அவள். சவுல் செத்த பிறகு, அவளைத் தொட்டாய் என்று தளபதி அப்னேர்மேல் சவுலின் மகன் பழி சுமத்த, அந்தச் சண்டையில் அரசே ஆட்டம் கண்டது. அங்கே அவள் வெறும் சாக்கு. ஒரு வார்த்தை பேசுவதில்லை. பிறகு தாவீது அரசனாகிறான். மூன்று ஆண்டு தொடர்ந்து பஞ்சம். காரணம் கேட்டால், இஸ்ரவேலர் கிபியோனியருக்குக் கொடுத்த வாக்கை மீறிச் சவுல் அவர்களைக் கொன்ற பழி என்று பதில் வருகிறது. கிபியோனியர் பணம் கேட்கவில்லை. சவுலின் வம்சத்தில் ஏழு ஆண்களைக் கேட்டார்கள். தாவீது கொடுத்தான். ரிஸ்பாளின் இரு மகன்கள் அர்மோனி, மேவிபோசேத். சவுல் மகள் வயிற்றுப் பேரன்கள் ஐவர். ஏழு பேரையும் மலைமேல் தூக்கிலிட்டு அப்படியே விட்டார்கள். வாற்கோதுமை அறுவடை தொடங்கிய நாள் அது.

பழைய சவுல் வம்சத்தின் வாரிசுகள் ஒழிவது புதிய அரசனுக்கு வசதிதானே என்று வாசகருக்குத் தோன்றும். நூலாசிரியருக்கும் தோன்றியிருக்கலாம்; வாயைத் திறந்து சொல்லவில்லை.

ரிஸ்பாள் இரட்டுத் துணியை எடுத்துக்கொண்டு மலையேறினாள். ஆட்டு மயிரில் நெய்த முரட்டுத் துணி. துக்கம் காக்கிறவர்கள் உடுத்துவது. அவள் அதை உடுத்தவில்லை, பாறைமேல் விரித்தாள். பகலில் பறவைகளை விரட்டினாள். இரவில் காட்டு மிருகங்களை விரட்டினாள். எவ்வளவு காலம்? அறுவடைத் தொடக்கத்திலிருந்து வானத்து மழை அந்த உடல்கள்மேல் பெய்யும்வரை என்று மட்டும் நூல் சொல்கிறது. அந்த நாட்டில் வாற்கோதுமை அறுப்பது ஏப்ரல் வாக்கில். வழக்கமான மழை வருவது அக்டோபர் வாக்கில். அந்த ஆண்டு மழை முன்னாலேயே வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். கோடை முழுக்க, அழுகும் உடல்களின் நடுவே, தூக்கம் இல்லாமல், கையில் கோலோ கல்லோ வைத்துக்கொண்டு ஒரு தாய். அவள் பிள்ளைகள் இரண்டு பேர்தான். காத்தது ஏழு பேரையும்.

தூக்கிலிட்ட உடலை இரவு தங்க விடாதே, அன்றைக்கே அடக்கம் செய் என்பது உபாகமத்தின் சட்டம். அரசன் அதை மறந்தான், அல்லது மறந்ததுபோல் இருந்தான். கிரேக்க நாடகத்தில் அந்திகொனே இதே காரணத்துக்காக மன்னனை எதிர்த்து வாதாடுகிறாள். ரிஸ்பாள் ஒரு சொல்லும் பேசவில்லை. போய் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். செய்தி தாவீதின் காதுக்குப் போயிற்று. அவன் வெட்கப்பட்டானா என்று எழுதவில்லை; என்ன செய்தான் என்று எழுதியிருக்கிறது. யாபேஸ் கீலேயாத்துக்குப் போய்ச் சவுலின் எலும்புகளையும் யோனத்தானின் எலும்புகளையும் கொண்டுவந்தான், தூக்கிலிடப்பட்டவர்களின் எலும்புகளையும் சேர்த்தெடுத்தான், சவுலின் தகப்பன் கல்லறையில் முறைப்படி அடக்கம் செய்தான்.

அதற்குப் பிறகுதான் நாட்டுக்காகச் செய்த வேண்டுதல் கேட்கப்பட்டது என்று கதை முடிகிறது. ஏழு பேரைக் கொன்ற பிறகு இல்லை, எலும்புகளைப் புதைத்த பிறகு. இந்த வரிசை முக்கியமானது. ஏழு உயிரைக் கொடுத்தால் பஞ்சம் தீரும் என்று நம்பிய ஆண்களின் கணக்கை, பாறைமேல் உட்கார்ந்திருந்த ஒருத்தி திருத்தினாள்.

அரண்மனைக் கதைகளில் எஸ்தரை எல்லாருக்கும் தெரியும். நெல்லை, குமரிப் பக்கம் பள்ளி வருகைப் பதிவேட்டைத் திறந்தால் எஸ்தரும் ரூத்தும் இல்லாத வகுப்பு இருக்காது. அழைக்காமல் மன்னன் முன் போனால் மரணம்; அவன் பொற்செங்கோலை நீட்டினால் மட்டும் பிழைக்கலாம். முப்பது நாளாக அழைப்பு வராத நிலையில், தன் இனத்தை அழிக்கும் ஆணையை நிறுத்த அவள் போனாள். யூதர்கள் பூரிம் திருநாளில் எஸ்தரின் சுருளை உரக்க வாசிக்கும்போது, அழிக்கத் திட்டமிட்ட ஆமானின் பெயர் வரும் இடத்திலெல்லாம் பிள்ளைகள் கிலுகிலுப்பை சுழற்றிக் கூச்சலிட்டு அதைக் காதில் விழாமல் செய்கிறார்கள். பெயரைச் சத்தத்தால் அழிக்கும் சடங்கு.

ஆனால் கதையின் முதல் துணிச்சல் எஸ்தருடையது இல்லை. இந்து தேசம் முதல் எத்தியோப்பியா வரை 127 நாடுகளை ஆண்ட அகாஸ்வேரு, 180 நாள் செல்வத்தைக் காட்டி முடித்து, மேலும் ஏழு நாள் குடித்துக் களித்து, கடைசியில் தன் மனைவி வஸ்தியின் அழகையும் சபைக்குக் காட்ட ஆளனுப்பினான். வர முடியாது என்றாள். ஒரே ஒரு மறுப்பு. உடனே மந்திரிகள் கூடி, இது பரவினால் எல்லா வீட்டிலும் பெண்கள் இப்படித்தான் செய்வார்கள் என்று நடுங்கி, ஒவ்வோர் ஆணும் தன் வீட்டுக்குத் தலைவன் என்று 127 நாடுகளுக்கும் அந்தந்த மொழியில் கடிதம் அனுப்பினார்கள். எழுதியவர் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் எழுதியிருக்க வேண்டும். வஸ்தி பதவியை இழந்தாள். அவள் தரப்பைப் பேச ஆள் வர இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

தீர்க்கதரிசினி உல்தாளுக்கு ஒரு பத்தியாவது கொடுக்க வேண்டும். கி.மு. 622 வாக்கில் எருசலேம் ஆலயத்தைப் பழுதுபார்க்கும்போது ஒரு சட்டச் சுருள் கிடைத்தது. யோசியா அரசன் வாசிக்கக் கேட்டு ஆடையைக் கிழித்துக்கொண்டான். இது மெய்தானா என்று கேட்க ஐந்து பேர் கொண்ட குழு போனது எரேமியாவிடம் இல்லை, உல்தாளிடம். உங்களை அனுப்பின மனுஷனிடம் போய்ச் சொல்லுங்கள் என்று அவள் தொடங்குகிறாள். அரசன் என்றுகூடச் சொல்லவில்லை. அழிவு வரும் என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பினாள். வேத நூல் ஒன்று மெய்யென்று முத்திரை பெற்ற முதல் நிகழ்ச்சி என்று இதைச் சிலர் சொல்வார்கள். எருசலேம் ஆலய வளாகத்தின் தெற்கு வாசல்கள் இன்றும் அவள் பெயரால் வழங்குகின்றன.

புதிய ஏற்பாட்டுக்கு வந்தால், இயேசுவிடம் வாதாடி வென்ற ஒரே ஆளும் பெண்தான். தீரு பட்டணத்துப் பக்கம், யூதர் அல்லாத ஒரு தாய், நோயுற்ற மகளுக்காக வந்தாள். பிள்ளைகளின் அப்பத்தை நாய்களுக்குப் போடுவது சரியில்லை என்ற கடுமையான பதில் கிடைத்தது. மேசைக்குக் கீழே விழும் துணிக்கைகளை நாய்களும் தின்னுமே என்றாள் அவள், நொடியும் தாமதிக்காமல். மாற்கு எழுதியபடி, இந்தச் சொல்லுக்காகவே அவள் மகள் நலம் பெற்றாள். இந்தத் தாய்க்கும் பெயர் இல்லை.

சிலுவையருகே பெயர்கள் இருக்கின்றன. கைது நடந்த இரவிலேயே சீடர்கள் எல்லாரும் ஓடிவிட்டார்கள் என்று மாற்கு ஒளிக்காமல் எழுதுகிறார். ஒரு வாலிபன் போர்த்திய துணியையும் விட்டு ஓடினான். பேதுரு ஒரு வேலைக்காரப் பெண் கேட்டதற்கே பயந்து தெரியாது என்றான். மறுநாள் ரோமாபுரியின் தண்டனை மேடைக்கு எட்ட நின்று பார்த்தவர்கள் மகதலேனா மரியாள், இன்னொரு மரியாள், சலோமே. ராஜத்துரோகம் என்று கொல்லப்பட்டவனின் ஆளாக அடையாளம் காணப்படுவது விளையாட்டில்லை. ஓய்வுநாள் கழிந்ததும் வாசனைத் திரவியங்களோடு கல்லறைக்குப் போனவர்களும் பெண்கள்தான். திரும்பி வந்து சொன்னதைச் சீடர்கள் வெறும் பிதற்றல் என்று நம்பவில்லை என லூக்கா எழுதுகிறார். நான்கு சுவிசேஷங்களும் கல்லறையருகே வைக்கும் பெயர் மகதலேனா மரியாள். ஆனால் உயிர்த்தெழுதலைக் கண்டவர்கள் என்று பவுல் கொரிந்தியருக்குத் தரும் பட்டியல் பேதுருவில் தொடங்குகிறது. ஒரு பெண் பெயர்கூட இல்லை.

மகதலேனாவுக்குப் பெயர் போகவில்லை, நற்பெயர் போயிற்று. 591இல் போப் முதலாம் கிரகோரி ஒரு மறையுரையில், லூக்காவில் வரும் பெயரில்லாத பாவியான பெண்ணும் இவளும் ஒருத்தியே என்றார். சுவிசேஷத்தில் அதற்கு ஆதாரம் இல்லை. கீழைத் திருச்சபைகள் அதை ஏற்றதும் இல்லை. மேற்கில் மட்டும் ஓவியர்கள் ஆயிரம் ஆண்டுக்கு மேல் அவளை அவிழ்ந்த கூந்தலோடும் கண்ணீரோடும் வரைந்துகொண்டே இருந்தார்கள். 1969இல் கத்தோலிக்க வழிபாட்டு நாட்காட்டி இந்தக் குழப்பத்தைக் கைவிட்டது. 2016இல் போப் பிரான்சிஸ் ஜூலை 22ஐ, அப்போஸ்தலர்களுக்கு உள்ள அதே தரத்தில், அவளுக்குத் திருவிழாவாக உயர்த்தினார்.

யூனியாவுக்கு நடந்தது இதைவிட விசித்திரம். ரோமருக்கு எழுதிய கடிதத்தின் 16ஆம் அதிகாரத்தில் பவுல் வரிசையாக வாழ்த்துச் சொல்கிறார். அன்றோனீக்கு, யூனியா என்ற இருவரும் தன்னோடு காவலில் கட்டுண்டவர்கள், அப்போஸ்தலருக்குள் பேர்போனவர்கள் என்கிறார். அதாவது யூனியா விசுவாசத்துக்காகச் சிறை போனவள். நான்காம் நூற்றாண்டில் பிறந்த ஜான் கிறிசோஸ்டம், பெண்களைப் பற்றி எல்லா நேரமும் நல்லது பேசியவர் அல்லர். அவரே, அப்போஸ்தலர் என்று எண்ணப்படும் அளவுக்கு இந்தப் பெண்ணின் ஞானம் எவ்வளவு பெரியது என்று வியந்தார். இடைக்காலத்தில் சிலருக்கு உறுத்தியது. ஒரு பெண் எப்படி அப்போஸ்தலர் ஆக முடியும்? அப்படியானால் அது யூனியாஸ் என்ற ஆணாக இருக்க வேண்டும்.

யூனியா ரோமப் பேரரசில் சர்வசாதாரணமான பெண்பெயர். யூனியாஸ் என்ற ஆண்பெயர் அந்தக் காலக் கல்வெட்டு எதிலும் கிடைக்கவில்லை. இருந்தும் 1927இல் வெளிவந்த நெஸ்லேயின் கிரேக்கப் புதிய ஏற்பாட்டுப் பதிப்பில், பெயரின்மேல் இடும் ஒரு சின்ன ஒலிக்குறியை மாற்றி அவளை ஆணாக்கிவிட்டார்கள். பழைய ஏடுகளில் அந்தக் குறியே எழுதும் வழக்கம் இல்லை. எழுபத்தோரு ஆண்டு அவள் ஆணாக இருந்தாள். அந்தப் பதிப்பை வைத்து மொழிபெயர்த்த பல மொழிகளிலும் ஆணாகவே போனாள். 1998இல் குறி திருத்தப்பட்டது.

தமிழில்? அதே 16ஆம் அதிகாரத்தைப் பழைய மொழிபெயர்ப்பில் எடுத்துப் பார்க்கலாம். கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி பெபேயாள். உயிரைப் பணயம் வைத்துப் பவுலைக் காத்தவர்களில் ஒருத்தி பிரிஸ்கில்லாள். பிறகு மரியாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள். 15ஆம் வசனத்தில் யூலியாள். எல்லாருக்கும் அந்த ‘ள்’ இருக்கிறது. ஏழாம் வசனத்தில் மட்டும் ‘யூனியா’ என்றே இருக்கிறது.